ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு 'தும்'!

சென்னை மவுன்ட் ரோடில், காஸினோ தியேட்டர் பக்கமாக ஒதுங்கி உள்ளே நுழைந்தால் ரிச்சி ஸ்ட்ரீட். பெயர்தான் ஒரு தெரு. உண்மையில் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு என்று ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும் ஒரு கூட்டுக் குடும்பம் அது. மீரான் சாகிப் தெரு என்றால் ஒரு காலத்தில் சினிமா விநியோகஸ்தர்கள்தான். படப்பெட்டிகள் போய் வந்த சந்தில் இன்று சிசிடிவி கேமரா, புரொஜெக்டர், மைக், கால்குலேட்டருக்கு பட்டன் செல்.

இங்கே நடப்பதற்கென்று ஒரு தனித் திறமை வேண்டும். முன்னால் கை வண்டி, பின்னால் பைக், பக்கவாட்டில் காதருகே "என்னா சார் வேணும், லாப்டாப்பா, பிரிண்டரா, கேமராவா?" என்று ஒரு குரல். ஒன்றும் வேண்டாம் என்றாலும் விட மாட்டார்கள். ஒன்றும் வேண்டாதவன் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு எதற்கு வருகிறான் என்பது அவர்கள் கட்சி. நியாயம்தானே!

ரெஸிஸ்டரை மல்லி விதை மாதிரி பொட்டலம் போட்டுத் தருகிற கடைகள் இருக்கின்றன. சின்னச் சின்ன இழுப்பறைகள் சுவர் முழுக்க. கேட்ட நொடியில், திரும்பிக்கூடப் பார்க்காமல், சரியான இழுப்பறைக்குக் கை போகிறது. நான் பி.காம். எங்கள் வீட்டு ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது என்றே எனக்கு இன்னும் தெரியாது.

என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனவன் என் அக்கா மகன். முறைப்படி மருமகன். வயது பத்தொன்பது, இன்ஜினீயரிங் படிக்கிறான் என்று அக்கா நம்பிக்கொண்டிருக்கிறாள். அவன் நிஜமாகச் செய்வது லாப்டாப்பில் எலெக்ட்ரானிக் மியூசிக். அதில் பாடகர் கிடையாது, வயலின் கிடையாது, சில சமயம் பாட்டே கிடையாது. கீழே ஒரு 'தும்'. அதற்கும் கீழே ஒரு 'ம்ம்ம்'. நெஞ்சுக்கூட்டில் யாரோ முழங்கையால் இடிக்கிற மாதிரி. அதுதான் பேஸ். அதற்காகத்தான் எல்லாமே.

பிரச்னை என்னவென்றால், லாப்டாப் ஸ்பீக்கருக்கு அந்த 'ம்ம்ம்' கேட்காது. அதாவது, அதற்கு வாசிக்கத் தெரியாது. காதில் விழவில்லையே என்று பையன் பேஸை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறான். கல்லூரி விழாவில் பெரிய ஸ்பீக்கரில் போட்டபோது, மேடைக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர் டிரம் மட்டும் நன்றாக டான்ஸ் ஆடியதாம். மனிதர்கள் யாரும் ஆடவில்லை.

எனவே ஒழுங்கான ஸ்பீக்கர் வேண்டும். கையில் இருபத்தைந்தாயிரம் ரூபாய். தெருப் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணம்.

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள்: "ஏற்கெனவே பழைய ஹோம் தியேட்டரால ஹவுஸ் ஓனர் ரெண்டு தடவை மேல வந்துட்டாரு. மூணாவது தடவை வந்தா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாரு. பதினோரு வருஷமா இருக்கோம்டா. சின்னவளுக்கு ஸ்கூல் நடந்து போற தூரம். இந்த வாடகைக்குப் புரசைவாக்கத்துல இன்னொரு வீடு கிடைக்குமா? நீ கூடப் போய் அவனைக் கொஞ்சம் அடக்கி வாங்கிட்டு வா."

அதாவது பேஸ் பையனுக்குக் கேட்க வேண்டும். கீழ் வீட்டுக்குக் கேட்கக் கூடாது. இப்படி ஒரு பொருள் ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது.

*

முதல் கடையில் ஒரு டவர் ஸ்பீக்கர் என் தோளுயரம் நின்றது. முன்னால் நீல விளக்கு, சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு. அம்மன் கோயில் ஆடித் திருவிழாவை மடித்து அட்டைப் பெட்டியில் போட்ட மாதிரி. மேலே ஸ்டிக்கர்: பத்தாயிரம் வாட்ஸ்!

"பத்தாயிரமா? எங்க வீட்டு ஃபியூஸ் தாங்குமாங்க?"

"அது பி.எம்.பி.ஓ. சார்" என்றார் கடைக்காரர், ரகசியக் குரலில்.

இந்த பி.எம்.பி.ஓ. சமாசாரத்துக்கு உலகத்தில் எந்த நிலையான கணக்கும் கிடையாது. கண் மூடித் திறப்பதற்குள் தாங்கக்கூடிய அதிகபட்ச சக்தி என்று எதையோ பெருக்கி எதையோ கூட்டி ஒரு நம்பர் போடுகிறார்கள். கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட்ஸ். தொடர்ந்து கொடுக்கக்கூடிய நிஜமான சக்தி அது. பி.எம்.பி.ஓ. என்பது பெண் வீட்டாரிடம் சொல்லும் சம்பளம், ஆர்.எம்.எஸ். என்பது மாசம் பிறந்தால் கைக்கு வருவது.

ஆர்.எம்.எஸ்.ஸிலும் மயங்க வேண்டியதில்லை. வாட்ஸை இரட்டிப்பாக்கினால் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான். இரண்டு மடங்கு சத்தமாகக் காதுக்குப் பட வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி தேவை. காமர்ஸ் படித்தவனுக்கு இதைவிடக் கொடுமையான வட்டி விகிதம் வேறெங்கும் காணக் கிடைக்காது.

பேஸுக்கு வாட்ஸைவிட முக்கியம் காற்று. காதுக்குக் கேட்கும் எல்லை 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை என்பார்கள். பேஸ் கிட்டாரின் மிகக் கீழ்த் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். பியானோவின் கடைசிக் கட்டை 27.5. எலெக்ட்ரானிக் ஆசாமிகள் இந்த 30, 40, 50 வட்டாரத்தில்தான் குடித்தனமே நடத்துகிறார்கள். ஒரே சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே கொண்டுபோக, ஸ்பீக்கரின் அட்டை நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும். அல்லது அட்டை நான்கு மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். கோயில் திருவிழாவில் மரத்தில் கட்டுகிற புனல் ஸ்பீக்கர் மூன்று ஊருக்குக் கேட்டாலும் அதில் ஒரு பொட்டு பேஸ் இல்லாததற்குக் காரணம் இதுதான். அதற்குள் அசையும் தகடு குட்டியூண்டு.

பேஸ் ஒன்றும் நமக்குப் புதிதில்லை. மிருதங்கத்தின் இடது பக்கத்தில், கச்சேரிக்கு முன் ரவையைக் குழைத்து அப்புகிறார்களே, ஏன்? தோல் கனமானால் மெதுவாக அதிரும்; நாதம் கீழே இறங்கும். வூஃபர் அட்டை கனமாக இருப்பதிலும் அதே சூட்சுமம். "அப்ப இதையும் ரவை போட்டு டியூன் பண்ணலாமா மாமா?" என்றான் மருமகன். கடைக்காரர் எங்களைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்ததும் வெளியே வந்துவிட்டோம்.

*

சந்து திரும்பும் இடத்தில் ஒரு ரிப்பேர் கடை. அகலம் நாலடி. ஒரு பெரியவர் டியூப் லைட்டுக்குக் கீழே ஓர் ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் போட்டு, ஈயப் புகைக்கு நடுவே சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தார். மருமகன் அப்படியே நின்றுவிட்டான்.

"மாமா, கிங் டப்பி இப்படித்தான் இருந்திருப்பார்."

யாரடா அது, எந்த ஊர் ராஜா என்றேன். டீ குடித்துக்கொண்டே அவன் சொன்னதன் சுருக்கம்: ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் ரேடியோ, டிவி ரிப்பேர் பார்த்தவர். அந்த ஊரில் 1950-களிலிருந்தே தெருவில் பெரிய பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி நடனம் நடத்துவது வழக்கம், நம் ஊர் மைக் செட் மாதிரி. டப்பி தன் செட்டுக்குத் தானே ஆம்ப்ளிஃபயர் கட்டினார். பிறகு 1970-களில் பதிவான பாட்டுகளிலிருந்து குரலை உருவி எடுத்துவிட்டு, பேஸையும் டிரம்ஸையும் முன்னால் தள்ளி, எதிரொலி சேர்த்து 'டப்' என்று ஒரு வகையையே வளர்த்துவிட்டார். 1989-ல் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். இன்று லண்டனிலும் மற்ற இடங்களிலும் நெஞ்சை இடிக்கிற இசைக்கெல்லாம் அந்த ரிப்பேர்காரர் ஒரு தாத்தா முறை.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. பம்பாய் சினிமா வாத்தியக்காரர் சரண்ஜித் சிங் 1982-ல், ரோலண்ட் கம்பெனியின் டிஆர்-808 என்கிற டிரம் இயந்திரத்தையும் டிபி-303 என்கிற பேஸ் இயந்திரத்தையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு போட்டார். அன்று யாரும் சீந்தவில்லை. அதே 303-ஐ வைத்து சிகாகோக்காரர்கள் 1987-ல் 'ஆசிட் ஹவுஸ்' என்று கிளப்பியபோது உலகம் ஆடியது. 2010-ல் இந்தத் தட்டு மறுபடி வெளிவந்ததும், "இதென்ன, ஐந்து வருஷம் முன்னாலேயே பம்பாயில்!" என்று வெளிநாட்டுக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். சரண்ஜித் சிங் 2015-ல் காலமானார். எனக்கு அந்தத் தட்டில் பிடித்தது, ராகம் ராகமாகவே இருக்கிறது. கீழே மட்டும் ஏதோ உருண்டுகொண்டே இருக்கிறது.

ரிப்பேர் பெரியவரிடம், "சின்ன ரூமுக்கு நல்ல பேஸ் வேணும், என்ன வாங்கலாம்?" என்றேன். தலை நிமிராமலே கேட்டார்: "ரூம் அளவு என்ன?"

அதுவரை எந்தக் கடையிலும் எங்களை யாரும் கேட்காத கேள்வி அது.

"பத்துக்குப் பன்னெண்டு."

"அப்ப ரூம்தான் வாசிக்கும். பொட்டி சும்மா" என்றார்.

*

இரண்டாவது கடையில் ஸ்டுடியோக்காரர்களுக்கு விற்கிற 'மானிட்டர்' ஸ்பீக்கர்கள். ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும். கறுப்பு, மொட்டை, ஒரு கலர் விளக்குகூடக் கிடையாது. விலை மட்டும் கண்ணைப் பறித்தது.

இங்கே ஒரு பழைய விதியைச் சொல்லியாக வேண்டும். கே.எல்.ஹெச். என்ற அமெரிக்க ஸ்பீக்கர் கம்பெனியில் 'ஹெச்' என்பது ஹாஃப்மன். அவர் பெயரில் 'இரும்பு விதி' என்று ஒன்று உண்டு. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த சக்தியில் நிறைய சத்தம் - இந்த மூன்றில் ஏதாவது இரண்டுதான் உனக்கு, மூன்றாவதை விட்டுவிடு. எனக்கு இது உடனே புரிந்தது. ஒவ்வொரு டெபிட்டுக்கும் எங்கேயோ ஒரு கிரெடிட் இருந்துதானே ஆக வேண்டும்?

பெட்டியிலும் இரண்டு ஜாதி. காற்றுப் புகாமல் மூடியது ஒன்று. எட்கர் வில்ச்சர் 1954-ல் இதை வைத்துத்தான் அலமாரியில் வைக்கிற அளவு பெட்டியில் ஆழமான பேஸ் கொண்டுவந்தார். உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது. இன்னொன்று, ஓட்டை வைத்த பெட்டி. சோடா பாட்டில் வாயில் ஊதினால் 'பூம்' என்று வருமே, அதே தந்திரம். ஓட்டை டியூன் பண்ணிய இடம் வரை பேஸை இலவசமாக ஏற்றித் தரும். அதற்குக் கீழே சட்டென்று கை கழுவிவிடும். மட்டமாகச் செய்த ஓட்டைப் பெட்டியில் எந்த பேஸ் நோட்டும் ஒரே 'பூம்' ஆகத்தான் கேட்கும். ஷேர் ஆட்டோவில் பின் சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும்.

கடைக்காரர் வழக்கப்படி ஒரு சினிமாப் பாட்டைப் போட்டார். பிரமாதமாக இருந்தது. எந்தப் பாட்டைப் போட்டால் எந்தப் பெட்டி பிரமாதமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? ஆனால் பையன் பென் டிரைவ் கொண்டுவந்திருந்தான். அதில் பாட்டே இல்லை. 80, 70, 60, 50, 40, 30 ஹெர்ட்ஸ் என்று தனித்தனி ஒற்றை நாதங்கள்.

"என்ன தம்பி இது, ஃபிரிட்ஜ் சத்தம் மாதிரி?"

"ஃபிரிட்ஜ்தான் அங்கிள். எதுவரைக்கும் ஓடுதுன்னு பாக்கணும்."

60-ல் கம்பீரம். 50-ல் பரவாயில்லை. 40-ல் நாதம் மெலிந்து, அலமாரியில் ஒரு திருகாணி மட்டும் கிணுகிணுத்தது. 30-ல் வூஃபர் அட்டை வெறிபிடித்த மாதிரி ஆடுகிறது, காதுக்கு ஒன்றும் இல்லை. ஓட்டையில் மட்டும் 'உஸ் உஸ்' என்று காற்று. இத்தனைக்கும் அட்டைப் பெட்டியில் தைரியமாக 40 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தது. எத்தனை டெசிபல் குறைந்த பிறகு அந்த 40 என்று பொடி எழுத்தில் இருக்கும். பிளஸ் மைனஸ் 3 டெசிபலுக்குள் என்றால் கணக்கு நேர்மை. மைனஸ் 10 என்றால், கம்பெனி பாலன்ஸ் ஷீட்டில் கடைசிப் பக்க அடிக்குறிப்பு மாதிரி.

பத்து அங்குல சப்-வூஃபர் ஒன்றைக் காட்டி, "இதைச் சேத்துக்குங்க, 30 தாராளமா வரும்" என்றார் கடைக்காரர். பொய் சொல்லவில்லை, வந்தது. என் பேன்ட் கால் ஆடியது. மருமகன் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்... எனக்கு அக்கா முகம் தெரிந்தது.

*

பேஸை அடக்குவது ஏன் கஷ்டம் என்றால், அது நீளமானது. 40 ஹெர்ட்ஸ் நாதத்தின் ஓர் அலை எட்டரை மீட்டர் நீளம். பன்னிரண்டடி அறைக்குள் முழுதாக நுழையக்கூட முடியாது. மேல் ஸ்தாயிகளை ஒரு செங்கல் சுவர் ஓரளவு தடுத்துவிடும். பேஸ் சுவரையும் தரையையும் சேர்த்தே ஆட்டும். அடுத்த தெருக் கல்யாண மண்டபத்தில் என்ன பாட்டு என்று தெரியாது, 'தும் தும்' மட்டும் நம் தலையணை வரை வரும். முட்டை அட்டை மாதிரி ஒரு ஃபோம் விற்கிறார்களே, அது கைதட்டலின் எதிரொலியைக் குறைக்கும். பேஸுக்கு அது கொசுவலை.

சட்டம் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 என்கிறது. ஆனால் அந்த அளவீடு மனிதக் காதை மனதில் வைத்துச் செய்தது. 50 ஹெர்ட்ஸ் பேஸில் சுமார் 30 டெசிபலைத் தள்ளுபடி செய்துவிட்டுத்தான் கணக்கெடுக்கும். மீட்டரில் தப்பித்துவிடலாம். ஹவுஸ் ஓனரிடம் தள்ளுபடி கிடையாது.

மெதுவாக வைத்துக் கேட்டால்? அதிலும் வில்லங்கம். ஒலி குறையக் குறைய முதலில் காணாமல் போவது பேஸ்தான். நம் காது அப்படி. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு பேர் 1933-லேயே இதை வரைபடம் போட்டுக் காட்டிவிட்டார்கள்.

மிச்சம் இருந்த வழி ஒன்றுதான்: கிட்டே போவது. மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து அறை முழுக்க நிரப்புவதற்குப் பதில், ஸ்பீக்கரை ஒரு மீட்டரில் வைத்துக்கொண்டால் பாதிக்கும் குறைவான ஒலியில் வேலை நடக்கும். சப்-வூஃபர் வேண்டாம், ஐந்து அங்குல மானிட்டர் ஜோடி, ஓட்டை முன்பக்கம் இருப்பதாக, சுவரோரம் வைக்க வேண்டியிருப்பதால். 50-க்குக் கீழே என்ன நடக்கிறது என்று பார்க்க நல்ல ஹெட்ஃபோன் ஒன்று. நாதத்தைக் காது கேட்கும்; நெஞ்சில் இடிப்பது மட்டும் கிடைக்காது.

பையன் ரொம்ப நேரம் பேசவில்லை. சப்-வூஃபரை இன்னொரு தரம் தொட்டுப் பார்த்தான். "நெஞ்சுல இடிக்காட்டி அது பேஸே இல்ல மாமா" என்றான். அப்புறம் அவனே, "இதையே பில் போடச் சொல்லுங்க" என்று ஐந்து அங்குலத்தைக் காட்டினான். இரண்டும் சேர்ந்து இருபத்து நாலாயிரத்துச் சொச்சம். பிராண்ட் பெயர் எழுதினால் விளம்பரம் ஆகிவிடும், விட்டுவிடுகிறேன்.

*

வீட்டில் ரிப்பேர் பெரியவரின் வாக்கு பலித்தது. 47 ஹெர்ட்ஸ் நாதம் ஒன்றை ஓடவிட்டு அறைக்குள் நடந்தோம். சுவரோரம் 'ம்ம்ம்' என்று குடைகிறது. அறை நடுவில், பையன் வழக்கமாக நாற்காலி போடும் அதே இடத்தில், சுத்தமாகக் காணோம்! பன்னிரண்டடி நீளத்துக்குள் அந்த அலையின் பாதி கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு ஓரமும் மேடு, நடுவில் பள்ளம். பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு வருஷக்கணக்காக பேஸ் பத்தவில்லை என்று ஏற்றிக்கொண்டிருந்தால் தண்ணீர் டிரம் ஆடாமல் என்ன செய்யும்? மேஜையை இரண்டடி நகர்த்தினோம். மூலையில் சுருட்டி வைத்த இலவம்பஞ்சு மெத்தை கொஞ்சம் உதவியது. பெட்டிகளுக்குக் கீழே தடித்த ரப்பர்.

அடுத்து நிஜமான பரீட்சை. அவன் மேலே வாசிக்க, நான் கீழே இறங்கி ஹவுஸ் ஓனர் வீட்டு வாசலில் நின்றேன். ரயில்வேயில் ரிடயர் ஆனவர். "ஸார், ஒரு சின்ன உதவி. பையன் புதுசா ஸ்பீக்கர் வாங்கியிருக்கான். உங்களுக்குத் தொந்தரவு இருக்கான்னு நீங்களே கேட்டுச் சொல்லிட்டா, அந்த அளவிலேயே குறி போட்டு வெச்சுக்குவான்" என்றேன்.

இப்படி யாரும் அவரிடம் வந்து கேட்டதில்லை போலிருக்கிறது. உள்ளே கூப்பிட்டு, டி.வி.யை அணைத்து, ஃபேனையும் நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார்.

மேலே ஆரம்பித்துவிட்டான் என்று எனக்கு போன் வந்தது. ஐந்து நிமிஷம் மூன்று பேரும் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தோம். மிக லேசாக, மாவு கிரைண்டர் பக்கத்து வீட்டில் ஓடுகிற மாதிரி ஏதோ ஒன்று வந்து போனது. அவ்வளவுதான்.

பெரியவர் கண்ணைத் திறந்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ராத்திரி ஒன்பதுக்கு மேல வேணாம். மத்தபடி பரவால்ல" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"